ஜூலை மாத அளவுகள்

ரியோ கிளாரோவில், மருந்துக்கடை மாடியில்
சீருடை தைக்கிறேன், இருபத்தொரு வருடமாக.
அமைச்சகம் எனக்குக் கடிதம் போடுவதில்லை.
போடாவிட்டால் என்ன,
டிரினிடாட்டின் கல்வி முறை
முழுசாக என் அலமாரியில் மடித்துக் கிடக்கிறது.

அடித்தட்டில் குட்டிக் கட்டம் போட்ட துணி,
மூன்று வயதுக்காரர்களுக்கு.
எலாஸ்டிக் இடுப்பு. கறை தெரியாது.
அடுத்த தட்டு தொடக்கப் பள்ளி:
இன்ஃபன்ட் வகுப்பு இரண்டு, ஸ்டாண்டர்டு ஐந்து,
ஏழு வருடத்துக்கும் ஒரே நிறம்.
அதுவரை இந்த மாடிக்கு வந்து
யாரும் அழுததில்லை.

மூன்றாம் தட்டில்தான் நிறங்கள் சிதறுகின்றன.

பதினோரு வயதில் ஒரு காலை.
கட்டுரை, கணக்கு, மொழி.
தாள்கள் மூன்றுதான், சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும்.
ஆனால் அதற்கும் முன்னால் ஒரு படிவம் உண்டு:
நான்கு பள்ளிகளின் பெயர், வரிசையாக.
முதல் பெயரை அழுத்தி எழுதுவார்கள்.
நான்காவதை எழுதும்போது
பேனாவில் மை தீர்ந்ததுபோல் இருக்கும்.

சபைகள் நடத்தும் பள்ளிகளில் சம்பளம் அரசுடையது,
நூறு இடத்தில் இருபது மட்டும்
தலைமையாசிரியரின் கையில்.
அந்த இருபதைப் பற்றிப் பேச
இந்த ஊரில் தனியாக ஒரு குரல் இருக்கிறது,
ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசும் குரல்.

உச்சித் தட்டில் ஆறாம் படிவம்.
வருடத்துக்கு நாலைந்து பேர்.
அந்தத் துணியை எடுக்க ஏணி வேண்டும்.

ஏவ்ரில் குவாமினா, சந்தையில் சேனைக்கிழங்கு விற்பவள்,
தேர்வு முடிந்த வாரமே வந்தாள்.
நீலம் கேட்டாள். முதல் பெயரின் நீலம்.
முடிவு வரட்டுமே என்றேன்.
ஜூலையில் விலை ஏறிவிடும் என்றாள்.
விலைக்காக வரவில்லை என்று அவளுக்கும் தெரியும்,
எனக்கும் தெரியும்.
பையன் ஜடெல் கைகளை விரித்து நின்றான்.
அளந்தேன்.
அளந்ததோடு நிறுத்தியிருக்கலாம்.
கத்தரியும் வைத்துவிட்டேன்.

முடிவு இப்போதெல்லாம் போனில் வருகிறது.
செய்திக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்,
படியேறும் கால்களின் வேகத்தில்.
அன்று ஏவ்ரில் மெதுவாக ஏறினாள்.
நான்காவது பெயர்.
பழுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை,
வீட்டிலிருந்து நடந்தே போகலாம்
என்று அவளே சொன்னாள், ஏதோ நான் கேட்டதுபோல.
உண்மைதான். ஐந்து நிமிட நடை.
அந்தப் பள்ளியின் வாசலில்தான்
விடியற்காலை நாலரைக்கு
தூரத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்
மாக்ஸி வண்டிக்காகத் தூங்கியபடி நிற்கிறார்கள்.

வெட்டிய நீலத்தை மாற்றித் தர முடியுமா?
வெட்டியது வெட்டியதுதான், ஏவ்ரில்.

இரண்டாவது முறை அளக்கும்போது
பையன் அரை அங்குலம் வளர்ந்திருந்தான்.
இந்த நாலு மாதத்தில்
யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.
சொன்னேன். சிரிக்கவில்லை.
மேசைமேல் இருந்த நீலத் துண்டுகளைத் தடவினான்,
இரண்டு கால், ஒரு இடுப்புப் பட்டை,
ஒன்றோடொன்று சேராதவை.

"இதில் பை தைக்க முடியுமா?"

முடியும், என்றேன். நல்ல துணி.

"வெளியே பழுப்பு இருக்கட்டும்.
இது உள்பக்கம்."

ஏவ்ரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
நான் ஊசியில் நூல் கோத்தேன்,
ஏற்கெனவே கோத்திருந்த ஊசியில்.

செப்டம்பர் முதல் வாரம் வந்தான்.
ஜிப்பை இருமுறை திறந்து மூடிப் பார்த்தான்.
கூலி எவ்வளவு என்று அவனே கேட்டான்.
விட்டுக்கொடுக்க நாக்கு நுனிவரை வந்தது.
இவனைக் கேட்காமல் இவனைப் பற்றி
இந்த வருடம் நிறையப் பேர் முடிவு எடுத்துவிட்டார்கள்.

முப்பது டாலர் என்றேன்.
எண்ணிக் கொடுத்தான்.
எண்ணி வாங்கிக்கொண்டேன்.